மெலிந்த உடலும் இனித்த குருதியும்



நாமக்கல் வட்டாரத்தில் லாரி ஓட்டுவோருள் என் பழைய மாணவர் பலர் உள்ளனர். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுள் ஒருவர் என்னைக் காண வந்தார். நாற்பது வயது நிறையவில்லை, ஒல்லியான உடல். கால்விரற் புண் இரண்டு திங்களாக ஆறவில்லை என்றார்.

"சர்க்கரை பார்த்தாயா, தம்பி?" என்றேன்.

"எனக்கா ஐயா? அது தடித்தவர்களுக்கு அல்லவா வரும்? நீங்கள்தானே வகுப்பில் சொன்னீர்கள்!" என்று நகைத்தார்.

ஆம், நான்தான் சொன்னேன். சோதித்தபோது நீரிழிவு முற்றியிருந்தது. சேலத்தில் அவ்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அன்று நான் நடத்திய பாடத்தைத் திருத்தவே இன்று பேச வந்தேன்.

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, பருமனை மதிப்பிடுவது வழக்கம். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் தம் படங்களையே வெளியிட்டனர். இருவருக்கும் அவ்வெண் 22.3. உடற்கொழுப்போ, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2! தராசு கொழுப்பையும் தசையையும் பிரித்தறியாது. நம்மவர்க்குக் கொழுப்பு வயிற்றினுள்ளே சேர்வது மிகுதி.

அதனைக் காட்டிக்கொடுப்பது இரத்தம். கொழுப்புத் திசு வெறும் கிடங்கு அன்று. அடிப்போனெக்டின் என்னும் பொருளை அது சுரக்கிறது. இன்சுலின் செவ்வனே வேலை செய்ய அது துணைபுரியும். விந்தை என்னவெனில், கொழுப்பு மிக மிக அச்சுரப்பு குறைகிறது. டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்போ ஏறுகிறது. முன்னதை ஊர்ச் சோதனைச்சாலைகளில் வழக்கமாக அளப்பதில்லை. பின்னதை எளிதில் அளக்கலாம்.

எச்.பி.ஏ.1.சி. என்றொரு சோதனையும் உண்டு. இரத்தத்திலுள்ள சர்க்கரை, சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. அவ்வணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆதலால், இரண்டு மூன்று திங்களின் சராசரி இதில் தெரியும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் ஒழுங்காக வரும் பையனை நான் வருகைப் பதிவேட்டைக் கொண்டு பிடித்ததுண்டு. இதுவும் அத்தகைய பதிவேடே. 5.7 முதல் 6.4 விழுக்காடு வரை எச்சரிக்கை, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு. இரத்தசோகை உடையவர்க்கு இவ்வெண் பிறழக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

எச்சரிக்கை நிலையிலிருந்து மீள வழியுண்டா? குளுகோஸ் சோதனையில் அந்நிலையில் இருந்த 531 பேரைச் சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர் ஆராய்ந்து, 2006-இல் முடிவை வெளியிட்டனர். மூன்றாண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருள் 55 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு வந்தது. உணவையும் உடலுழைப்பையும் முறைப்படுத்திக்கொண்டோருள் 39.3 விழுக்காட்டினர்க்கே வந்தது.

என் மாணவர் இப்போதும் லாரி ஓட்டுகிறார். சென்ற ஆண்டு தம் மகனுக்கும் இரத்தம் சோதித்தார். அவனும் ஒல்லிதான். எண் 5.8. பையன் இப்போது பள்ளிக்கு மிதிவண்டியில் போய் வருகிறான். மறுபடியும் சோதிக்கும் நாளை என் நாட்குறிப்பிலும் எழுதி வைத்திருக்கிறேன்.