குறுக்குப் பிடித்தால் பாயில் முடங்காதீர்கள்



எப்போதும் பயிருக்கு வரும் நோயைப் பற்றியே பேசுகிற நான், இன்றைக்கு உங்கள் இடுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். அறுவடை சமயத்தில் எந்த ஊருக்குப் போனாலும் திண்ணையில் ஒருவராவது குறுக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கும் இது வந்ததுதான். விதை நெல் மூட்டையைக் குனிந்தபடியே திரும்பித் தூக்கினேன். சடக்கென்று பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நாள் பாயை விட்டு எழவில்லை. பிறகு எழுந்தால் கால் துவளுகிறது, வலியோ அப்படியே இருக்கிறது! அரசு மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை தருகிற அம்மா கேட்ட முதல் கேள்வியே, "உங்களை யார் சார் படுக்கச் சொன்னது?" என்பதுதான்.

ஒரு காலத்தில் டாக்டர்களே படுக்கச் சொன்னது உண்டு. இப்போது அந்த யோசனை மாறிவிட்டது. வேலையில்லாத தசை இளைத்துப் போகும், மூட்டு இறுகிப் போகும். ஒரு மாதம் கட்டுத்தறியில் நின்ற மாட்டை நேரே ஏரில் பூட்டுவீர்களா? அப்படித்தான் இதுவும். வலி கடுமையாக இருந்தால் ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வாசல் வரையாவது நடங்கள். சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும்.

வலி குறைந்ததும் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். தினம் இரண்டு வேளை, பத்துப் பத்துத் தடவை. வலி காலுக்கு இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

வேலைக்குத் திரும்புவதில்தான் நம் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். முதலில் மடை பார்க்கப் போங்கள். அப்புறம் களையெடுப்பு, அதுவும் அரை நாள். கைத்தெளிப்பானில் பாதி மருந்துத் தண்ணீர் போதும். 16 லிட்டர் என்றால் முதுகில் 16 கிலோவுக்கு மேல் அல்லவா? மூட்டை கடைசியில்தான். யூரியா மூட்டையை 2018-ல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைத்தார்கள். குறைத்தாலும் அது இரண்டு ஆள் தூக்க வேண்டிய சுமைதான். முழங்காலை மடக்கி, மூட்டையை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள்.

கால் முதலில் வந்து பிறந்தவர் உதைத்தால் சுளுக்குப் போகும் என்று என் அம்மாவே சொல்லுவார். தயவுசெய்து உதை வாங்காதீர்கள். அமெரிக்காவில் 1895-ல் தோன்றிய கைரோபிராக்டிக் என்ற முறையில் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சீர்செய்கிறார்கள். அதற்கென்றே படித்தவர்கள்கூட, எலும்பு முறிவு இருக்கிறதா, நரம்பு அழுந்தியிருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

மரத்திலிருந்து விழுந்து வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, கால் மரத்துப் பலமிழப்பது, இவற்றுக்கு உடனே டாக்டரிடம் போங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலஜலம் உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவது, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்ந்ததுதான். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.