தகவல் சுருக்கமும் வெப்ப இயற்பியலும்

பெங்களூரில் உருவாக்கப்பட்ட கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் 2005-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் செலுத்தப்பட்டது. அதிலிருந்த இரு கேமராக்களும் தலா நொடிக்குச் சுமார் 336 மெகாபிட் தகவலைத் திரட்டின; தரைக்கு அனுப்பக் கிடைத்த வழியோ ஒவ்வொன்றுக்கும் 105 மெகாபிட் அளவுக்கே இடம் தந்தது. மூன்று மூட்டை நெல்லை ஒரே சாக்கில் கட்டி அனுப்ப வேண்டிய நிலை.

இதற்கு வழி காட்டிய கணிதம் வாயுக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் பிறந்ததாகும். ஒரு பொருளின் அணுக்கள் எத்தனை வகைகளில் அமையக்கூடும் என்ற எண்ணிக்கையின் மடக்கையோடு அதன் என்ட்ரோபியை 1877-இல் போல்ட்ஸ்மான் இணைத்தார். ஒரு செய்தியை எந்த அளவுக்குச் சுருக்கலாம் என்பதற்கும் அதே வடிவமுள்ள சூத்திரமே எல்லை வகுக்கிறது என்று 1948-இல் ஷானன் நிறுவினார். ஏரிப் பகுதி ஒன்றின் படத்தில் பத்தில் ஒன்பது புள்ளிகள் நிலம், ஒன்று நீர் எனக் கொள்க. புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவையாயின், ஆயிரம் புள்ளிகளுக்குச் சுமார் 470 பிட்டுகள் போதும். உண்மையில் நீருக்கு அருகே பெரும்பாலும் நீரே இருக்கும். காந்தத்தில் ஓர் அணு தன் அண்டை அணுக்களோடு ஒரே திசையில் நிற்க முற்படுவது போன்றதே இது. ஆகவே, இன்னும் குறைந்த பிட்டுகளே தேவைப்படும்.

அண்டைப் புள்ளிகளின் இந்த உறவைப் பயன்படுத்த எளிய வழி கண்டவர் நசீர் அகமது. பெங்களூரில் 1940-இல் பிறந்து, அந்நகரிலேயே பொறியியல் பயின்றவர். கொசைன் அலைகளின் கூட்டாகப் படத்தை எழுதும் தம் கருத்துக்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் 1972-இல் அவர் நிதி கோரினார். கிடைக்கவில்லை, கருத்து மிகவும் எளிதாக உள்ளது என்பது மதிப்பீட்டாளர் ஒருவரின் குறை! நிதி வழங்கும் பொறுப்பிலிருப்போர் நினைவில் வைக்கத் தக்க செய்தி இது. அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோரின் கட்டுரை 1974-இல் வெளிவந்தது. ஜேபெக் முறைக்கு அதுவே அடிப்படையாயிற்று; கார்ட்டோசாட்டின் சுருக்கமும் ஜேபெக் வழியைச் சார்ந்ததே.

காந்தத்தின் கணிதத்தை நரம்பு வலைப்பின்னலுக்கு 1982-இல் கொண்டுவந்தவர் ஹாப்ஃபீல்டு. ஹின்டனும் அவர் தோழர்களும் 1985-இல் அமைத்த வலைப்பின்னல் போல்ட்ஸ்மானின் பெயரையே தாங்கியது. கையெழுத்து இலக்கம் ஒன்றின் 784 புள்ளிகளை 30 எண்களாகச் சுருக்கி, மீண்டும் விரித்துக் காட்ட முடியும் என 2006-இல் ஹின்டனும் சலாகுத்தினோவும் மெய்ப்பித்தனர். ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும் ஓர் இடர் உண்டு. கொசைன் முறையில் அளவு மீறிச் சுருக்கினால் படம் கட்டம் கட்டமாகச் சிதையும். பிழை கண்ணுக்குத் தெரியும். நரம்பு வலைப்பின்னலோ, தான் பயின்ற படங்களைக் கொண்டு, இழந்த பகுதியை நம்பத்தக்க வகையில் இட்டு நிரப்பிவிடக்கூடும். பயிர்ப் பரப்பைத் தோராயமாக மதிப்பிடுகையில் இதனால் பெருந்தீங்கு இராது. ஏரிக்கரை ஆக்கிரமிப்பை அளக்க வரும் வருவாய்த் துறை அலுவலருக்கோ, கரைக்கோடு கேமரா கண்டதா, கணிப்பொறி ஊகித்ததா என்பதே கேள்வி. அத்தகைய பணிக்கு, ஒரு பிட்டும் இழக்காத சுருக்கத்தைக் கேட்டுப் பெறுவதே தக்கது. அதில் பாதியளவுக்கு மேல் சுருங்காவிடினும் சரியே.