ஊர் திரும்பியவரின் காய்ச்சல்

(நம் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், மதிய அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிரியாணிக்குப் பிறகு பேசக் கூப்பிடுவது ஒருவகையான தண்டனை. யாருக்குத் தண்டனை என்பதை இன்னும் இருபது நிமிடத்தில் தெரிந்துகொள்வீர்கள். செயலாளர் என்னை 'முதுமையில் ஆரோக்கியம்' என்ற தலைப்பில்தான் பேசச் சொன்னார். சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி பற்றியெல்லாம் நீங்களே எனக்கு வகுப்பு எடுப்பீர்கள். ஆகவே அவர் அனுமதியோடு தலைப்பை மாற்றிக்கொண்டேன். வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களுக்கு வருகிற மலேரியாவைப் பற்றிப் பேசப் போகிறேன். "அதுதான் ஒழிஞ்சு போச்சே டாக்டர்?" என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. அந்த நினைப்புதான் இன்றைக்கு ஆளைக் கொல்கிறது.

நம் தலைமுறைக்கு மலேரியா புதிதல்ல. மெட்ராஸ் மலேரியா என்றால் குளிர் ஜுரம். பகல் பன்னிரண்டு மணிக்குக் கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம், நாலு போர்வை, பிறகு கொதிக்கிற ஜுரம், பிறகு வியர்த்துக் கொட்டி, "எனக்கு ஒண்ணுமில்லை" என்று எழுந்து உட்காருவது. ஒருநாள் விட்டு ஒருநாள் இதே கூத்து. கசப்பான குளோரோகுவின் மாத்திரை மூன்று நாள் போட்டால் அடுத்த வாரம் கிரிக்கெட் ஆடப் போய்விடலாம். 1990-களில்கூடச் சென்னையில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பேருக்கு இது வந்தது. இன்றைக்குத் தமிழ்நாடு முழுவதுமே ஆண்டுக்குச் சில நூறு பேர்தான். பெரிய சாதனை. அதில் சந்தேகமில்லை.

ஆனால் நம் நினைவில் இருக்கிற அந்த மலேரியா, பெரும்பாலும் 'வைவாக்ஸ்' என்ற கிருமியால் வந்தது. ஆளை வாட்டும், ஈரலில் ஒளிந்துகொண்டு மாதங்கள் கழித்து மறுபடியும் வரும், உயிரை எடுப்பது குறைவு. ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பது 'ஃபால்சிபாரம்'. பெயர் ஒன்றுதான், இரண்டும் மலேரியா. பாம்பு என்ற ஒரே பெயரில் சாரையும் உண்டு, நல்லதும் உண்டு இல்லையா, அதுபோல. நமக்குத் தெரிந்தது சாரை. ஊர் திரும்பும் பையன் பெட்டியோடு கொண்டுவருவது மற்றது. (நம் நாட்டிலும் ஃபால்சிபாரம் உண்டு. ஒடிசா, ஜார்க்கண்ட் மலைப்பகுதி மக்களுக்கு நன்றாகத் தெரியும். தாம்பரத்துக்காரர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.)

வெளிநாடு என்று பொதுவாகச் சொன்னேன். எல்லா வெளிநாடும் ஒன்றல்ல. சிங்கப்பூர் 1982-லேயே மலேரியா இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டுவிட்டது. ஐக்கிய அரபு நாடுகளுக்கு 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அங்கிருந்து வருகிறவருக்கு ஜுரம் என்றால் நான் முதலில் மலேரியாவை நினைக்க மாட்டேன். மலேசியாவில் மனித மலேரியா அடங்கிவிட்டது. காட்டோரத் தோட்டங்களில் மட்டும் குரங்கிலிருந்து தொற்றும் ஒருவகை இருக்கிறது. ஆப்பிரிக்கா கதையே வேறு. உலகில் 2023-ஆம் ஆண்டு மலேரியாவால் இறந்தவர்கள் ஏறக்குறைய 6 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் 100-க்கு 95 ஆப்பிரிக்காவில். நைஜீரியாவில் மட்டும் சுமார் 30 சதவீதம். லாகோஸிலும் கின்ஷாசாவிலும் தார் எஸ் சலாமிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கு எழுதுகிறார்கள், கடை பார்க்கிறார்கள், வெல்டிங் செய்கிறார்கள், செல்போன் கோபுரம் ஏறுகிறார்கள். இந்த ஹாலிலேயே கை தூக்கச் சொன்னால் பத்துக் கையாவது எழும்பும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பெயர் வேண்டாம். முடிச்சூர்ப் பக்கத்துப் பையன், முப்பது வயதுகூட ஆகவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கட்டுமான வேலையில் ஃபிட்டர். தங்கை கல்யாணத்துக்கு லீவு எடுத்து வந்தான். வந்த பத்தாம் நாள் ஜுரம். கல்யாண வீட்டு அலைச்சல் என்று இரண்டு நாள் பாரசிட்டமால். மூன்றாம் நாள் பக்கத்தில் ஒரு கிளினிக். அங்கே டெங்கு பார்த்தார்கள், டைஃபாய்டு பார்த்தார்கள், ஆன்டிபயாடிக் போட்டார்கள். "எங்கேர்ந்துப்பா வந்தே?" என்று கேட்கவும் செய்திருக்கிறார்கள். அம்மா சொன்ன பதில்: "துபாய் ஃபிளைட்ல வந்தான் சார்."

பொய்யில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாகத்தான் வருகிறார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும்போது அந்த அம்மாவுக்குத் தெரிந்தது துபாய் விமானம். கேட்டவருக்கும் துபாய் என்றால் மலேரியா ஞாபகம் வரவில்லை. ஐந்தாம் நாள் கண் மஞ்சள், பேச்சுக் குழறல், சிறுநீர் கறுப்புக் காப்பி நிறம். மாற்றிக் கொண்டுபோன இடத்தில் டியூட்டியிலிருந்த ஒரு இளம் டாக்டர் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தார். முத்திரையைப் பார்த்ததும் ஒரு சொட்டு ரத்தம் கண்ணாடியில் தடவச் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் பார்த்த இடமெல்லாம் ஃபால்சிபாரம். ஆர்ட்டிசுனேட் ஊசி, மூன்று வாரம் டயாலிசிஸ். பிழைத்தான். அந்தப் பெண் டாக்டருக்கு நான் இன்றும் மனசுக்குள் சலாம் போடுகிறேன்.

மூன்று நாள் தாமதத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். விலங்கியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு சிவப்பணுவுக்குள் புகுந்த கிருமி, ஏறக்குறைய 48 மணி நேரத்தில் பதினாறு, இருபதாகப் பெருகி அணுவை உடைத்து வெளியே வருகிறது. ஒவ்வொன்றும் இன்னொரு அணுவுக்குள் புகுகிறது. இது கூட்டல் கணக்கில்லை, பெருக்கல் கணக்கு. இன்னொரு குணமும் இதற்கு உண்டு: கிருமி புகுந்த சிவப்பணு மெல்லிய ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் அடைத்தால் நினைவு தப்பும். சிறுநீரகத்தில் என்றால் நீர் நிற்கும். முதல் நாளில் மாத்திரையிலேயே முடிகிற நோய், ஐந்தாம் நாளில் ஐ.சி.யூ. வாசலில் நிற்கிறது.

அங்கே இருக்கிற நம் பையன்களுக்கு ஒரு அலட்சியம் வந்துவிடுகிறது. "மலேரியாவா? மாசத்துக்கு ஒருதரம் வரும் சார், கடையில மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வேலைக்குப் போயிடுவோம்." கிருமி இல்லாத ஊரில் வளர்ந்தவனுக்கு அந்த எதிர்ப்புச் சக்தி லேசில் வராது. குழந்தையிலிருந்து அங்கேயே வளர்ந்தவர்களுக்கு ஓரளவு உண்டு. அதுவும் ஊரைவிட்டு வெளியே போய்விட்டால் நாளடைவில் மங்கிவிடும். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை 1897-ல் செகந்திராபாத்தில் நிரூபித்த ரொனால்ட் ராஸே, அதே ஆண்டு ஊட்டிக்குக் கீழே சீகூர் பக்கம் கொசு ஆராயப் போய், மலேரியாவில் படுத்தார். அவருக்கே விலக்கில்லை.

இப்போது கிண்டிக்கு வருவோம். ஆப்பிரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு கிங் இன்ஸ்டிட்யூட் போய் வரிசையில் நிற்பது உங்களுக்குத் தெரியும். மஞ்சள் அட்டை கொடுப்பார்கள். 2016-லிருந்து அந்த அட்டை ஆயுளுக்கும் செல்லும். அதை வாங்கிக்கொண்டு வெளியே வருகிற பையனைக் கேட்டுப் பாருங்கள்: "ஆப்பிரிக்கா ஊசி போட்டாச்சு." அவன் மனசில், ஆப்பிரிக்காவில் இருக்கிற எல்லா ஜுரத்துக்கும் அந்த ஒரே ஊசி காப்பு. மலேரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மலேரியாத் தடுப்பூசி வந்திருக்கிறது, உண்மைதான். அதில் ஒன்றை நம் புனேயிலேயே தயாரிக்கிறார்கள். ஆனால் அது ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக ஏற்பட்டது. நம் ஃபிட்டருக்கு இல்லை. என் ஆதங்கம் இதுதான்: ஆப்பிரிக்கா போகிறவர்களில் பலர் ஒருமுறை நின்று போகிற இடங்கள் தடுப்பூசி மையங்கள். அந்த அட்டையோடு தமிழில் நாலு வரி அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டையும் எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டால் என்ன செலவாகிவிடும்?

பக்கத்து வீட்டைப் பாருங்கள். இலங்கையில் 1963-ல் மலேரியா 17 பேராகக் குறைந்தது. விட்டது சனி என்று கைகழுவினார்கள். 1968, 69-ல் ஐந்து லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். அந்த அடி மறக்கவில்லை. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லை. 2016 செப்டம்பரில் சான்றிதழ் வந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் உட்காரவில்லை. ஏஜெண்டுகளை நம்பிக் கனடா போகலாம் என்று புறப்பட்டு, மேற்கு ஆப்பிரிக்காவில் மாட்டிக்கொண்டு திரும்பியவர்களை - தமிழர்களும் அதில் உண்டு - தேடிப்பிடித்து ரத்தம் பார்த்தார்கள். பலருக்கு மலேரியா இருந்தது. 2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு மலேரியா தொற்றியது. எங்கிருந்து வந்தது என்று துருவியதில், அங்கே வேலைக்குப் போயிருந்த ஒரு இந்தியத் தொழிலாளியிடமிருந்து என்று தெரிந்தது. நமக்குக் கொஞ்சம் கூச்சமான செய்திதான். ஆனால் ஒரே ஒரு நோயாளியைக் கண்டுபிடித்து, அதற்கு மூலம் எது என்றும் கண்டுபிடித்தார்கள் பாருங்கள், அந்தச் சுறுசுறுப்பு நமக்கு வேண்டும். கேரளத்தில் 2020-ல், சூடானிலிருந்து திரும்பிய ஒரு ராணுவ வீரருக்கு 'ஓவேல்' என்ற அபூர்வ வகை மலேரியாவைக் கண்ணூரில் கண்டுபிடித்தார்கள். கேட்டார்கள், பார்த்தார்கள், கிடைத்தது.

நோயாளி பிழைத்துவிட்டால் விஷயம் முடிந்ததா? இல்லை. நம் மொட்டைமாடித் தொட்டியில் ஒருவர் குடியிருக்கிறார்: அனோஃபிலிஸ் ஸ்டெஃபன்சி. சென்னை மலேரியாவின் முதல் குற்றவாளி. சாக்கடை பிடிக்காது, சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். கிணறு, சம்ப், மூடியில்லாத தொட்டி. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கம் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பி வைக்கிறோமே, அதெல்லாம் அதற்கு மாளிகை. இந்தக் கொசு 2012-ல் ஜிபூட்டியில் தென்பட்டது. பிறகு எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா என்று பரவிவிட்டது. 2022-ல் எத்தியோப்பியாவின் டைரே டாவா நகரில் ஃபால்சிபாரம் பரவியதற்கு இதுவே காரணம் என்று கண்டார்கள். 2016 டிசம்பரில், இலங்கை சான்றிதழ் வாங்கிய சில மாதங்களில், மன்னாரிலும் பிடிபட்டது. அதாவது ஆப்பிரிக்கக் கிருமியைச் சுமக்க இந்தக் கொசுவுக்குத் தெரியும். கிருமி விமானத்தில் வருகிறது. கொசு மாடியில் காத்திருக்கிறது. நடுவில் இருப்பது, ஜுரம் வந்த அன்றே ரத்தம் பார்ப்பது என்ற ஒரே வேலிதான்.

இதைச் சொல்லும்போது, சாந்த்ராகாச்சி ரயிலில் தாம்பரம் வந்து இறங்கும் வடநாட்டுத் தொழிலாளர்களைக் கைகாட்ட நமக்கெல்லாம் ஆசையாக இருக்கும். அவர்களும் நம் முடிச்சூர்ப் பையன் மாதிரிதான், பிழைக்க வந்தவர்கள். ஜுரம் என்று சொன்னால் ஒருநாள் கூலி போய்விடும் என்று மறைக்கிறார்கள். கட்டடம் கட்டும் நம் சங்கத்து உறுப்பினர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கூலியைப் பிடிக்காதீர்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்க்கிறீர்கள். லீவில் வருகிறவன் கையில் ஒரு சீட்டு: 'நான் இன்ன நாட்டிலிருந்து இன்ன தேதியில் வந்தேன். காய்ச்சல் என்றால் அன்றே மலேரியாவுக்கு ரத்தம் பாருங்கள். இல்லை என்று வந்தாலும் அடுத்த இரண்டு நாளில் மறுபடி பாருங்கள்.' முதல் பரிசோதனையில் கிருமி தப்பிவிடுவது உண்டு. அதனால்தான் அந்தக் கடைசி வாக்கியம். திரும்பி வந்த மூன்று மாதம் வரை இது கட்டாயம். வைவாக்ஸ், ஓவேல் ஒரு வருஷம் கழித்துக்கூட வரும் என்பதால் சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். தனியார் டாக்டர் கண்டுபிடித்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அப்போதுதான் உங்கள் தெருத் தொட்டிகளைப் பார்க்க மாநகராட்சி ஆள் வருவார்.

பேச்சு முடிந்ததும் எழுந்த கேள்விகளில் இரண்டை மட்டும் இங்கே சேர்க்கிறேன்.

அங்கே விற்கும் மலேரியா மாத்திரையை மகன் வாங்கி வந்திருக்கிறான், ஜுரம் வந்தால் வீட்டிலேயே கொடுக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். மருந்து நல்ல மருந்தாகவே இருக்கலாம். போலிச் சரக்கும் அங்கே நிறைய. பரிசோதனை கிடைக்காத காட்டில் அது உயிர் காக்கும். தாம்பரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் பத்து நிமிடத்தில் ஒரு லேப் இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.

இன்னொருவர், நம் கல்லூரியிலேயே படித்த அம்மையார். தார் எஸ் சலாமில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்க மூன்று மாதம் போகிறார். ஊசி போட்டுக்கொண்டாராம். "வேற என்ன பண்ணணும் டாக்டர்?" கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து, ஆகவே மருந்தேற்றிய கொசுவலையை முதலில் மகள் கட்டிலுக்குக் கட்டுங்கள், பிறகு உங்கள் கட்டிலுக்கு. தடுப்பு மாத்திரை உங்கள் பிரஷர் மருந்தோடும் மனநிலையோடும் ஒத்துப்போகுமா என்று டாக்டரைக் கேட்டுப் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே முடிவு செய்யுங்கள். விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கியதும் "ஊருக்கு வந்தாச்சே" என்று பாதிப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மெஃப்ளோகுவின், டாக்சிசைக்ளின் எதுவானாலும், வந்த பிறகு இன்னும் நாலு வாரம் போட வேண்டும்.