திரையில் எத்தனை வரிகள்?

தனியறை ஒன்றில் ஆளில்லாமல் இரவு பகலாக இயங்கும் கணிப்பொறி ஒன்றை மனக்கண்ணால் காணுங்கள். கல்லூரியின் தேர்வு முடிவுகளையோ, மருத்துவமனையின் பதிவேடுகளையோ கேட்பவர்க்கெல்லாம் எடுத்து வழங்குவது அதன் தொழில். ஆதலால் அதனைச் சர்வர் என்கிறோம். சாதாரண நாட்களில் அதன் முன்னே எவரும் அமர்வதில்லை. தொலைவிலிருந்தே அதனை ஆள்கிறார்கள். ஆனால் இணைப்பு அறுந்துபோனாலோ, பொறியே நின்றுபோனாலோ, அதனருகே சென்று, திரையையும் விசைப்பலகையையும் பூட்டிப் பார்க்க நேரலாம். அப்போது நாம் பார்க்கும் எழுத்துத் திரையே கன்சோல். 1991-ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் முறையில் இத்திரையின் அளவை மாற்றுவது எப்படி, ஏன் என்பதை இன்று ஆராய்வோம்.

அற்பமான செய்தியாயிற்றே என்று சிலர் எண்ணலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். என் பொறுப்பிலிருந்த சர்வர் ஒன்று ஓர் இரவில் இயங்கத் தொடங்கிய சிறிது நேரத்திற்குள் நின்றுவிட்டது. திரையில் 25 வரிகள். அத்தனையும் எண்களும் குறியீடுகளும். கோளாற்றின் காரணத்தைக் கூறிய வரி மேலே ஏறி மறைந்துவிட்டது. திரையின் அளவை மாற்றி, 48 வரிகள் தெரியுமாறு செய்து, மீண்டும் இயக்கினேன். அது மறுபடியும் நின்றபோது, நினைவகத்தில் பிழை என்ற வரி உச்சியில் தெளிவாக நின்றது. இரண்டு மணி நேரம் நான் தேடியது அந்த ஒரு வரியைத்தான்.

25 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1987-இல் தோன்றிய வி.ஜி.ஏ. முறையின் எழுத்துத் திரையில் அகலத்தில் 720 புள்ளிகளும் உயரத்தில் 400 புள்ளிகளும் உண்டு. ஓர் எழுத்துக்கு 9 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொடுத்தால், வரிக்கு 80 எழுத்துகளாக 25 வரிகள் அமையும். 80 என்ற எண்ணோ இன்னும் பழையது, 1928-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட துளை அட்டையில் இருந்த நிரல்களின் எண்ணிக்கையும் அதுவே. 1024-க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில், 8-க்கு 16 அளவுள்ள எழுத்தை வைத்தால், வரிக்கு 128 எழுத்துகளாக 48 வரிகள் கிடைக்கும். 2,000 எழுத்துகள் இருந்த இடத்தில் 6,144 எழுத்துகள்!

இக்காலத்துத் திரைகள் தமக்கு ஏற்ற அளவைத் தாமே கணிப்பொறிக்குத் தெரிவிக்கின்றன. லினக்ஸின் உட்கருவான கெர்னல் அதைப் படித்துத் தக்க அளவைத் தேர்ந்துகொள்கிறது. எனினும், ஒரே திரையைப் பல கணிப்பொறிகளுக்கு மாற்றி மாற்றி இணைக்கும் பெட்டி இடையே இருந்தால், சில வேளைகளில் அச்செய்தி போய்ச் சேர்வதில்லை. கெர்னல் ஊகித்த அளவு திரைக்கு ஒவ்வாதாயின், ஒன்றுமே தெரியாது. அப்பொழுது நாமே அளவைச் சொல்லவேண்டும்.

சொல்லும் முறை எளிது. கணிப்பொறி தொடங்கும்போது கிரப் என்னும் தொடக்க நிரலின் பட்டியல் தோன்றும். அங்கே ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து விசையை அழுத்தினால், கெர்னலுக்கு அளிக்கும் கட்டளைகளைத் திருத்தலாம். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில், ‘வீடியோ’ என்ற சொல்லும் சமக்குறியும் இட்டு, 1024, ஆங்கில ‘எக்ஸ்’, 768 ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதி, எஃப்-10 விசையை அழுத்துக. அவ்வரியில் ‘நோமோட்செட்’ என்ற சொல் முன்பே இருந்தால் அதை நீக்கிவிடுக. அது இருக்கும்வரை இக்கட்டளை பெரும்பாலும் பயன் தராது.

இத்திருத்தம் அந்த ஒரு தொடக்கத்திற்கு மட்டுமே செல்லும். இதுவே இதன் சிறப்பு. தவறாகிவிட்டால் மீண்டும் தொடக்கினால் போதும். பழைய நிலை வந்துவிடும். சரியென்று கண்ட பின்னரே கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை நிலையாக எழுதவேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில், எழுதியபின் ‘அப்டேட்-கிரப்’ என்ற கட்டளையையும் இடவேண்டும். சோதியாமல் முதலிலேயே கோப்பில் எழுதுகிறவர், வெறும் கருந்திரையின் முன் அமர நேரலாம்.

அளவு பெரிதாகப் பெரிதாக நன்மையும் பெருகும் என்று எண்ணிவிடலாகாது. 1920-க்கு 1080 புள்ளிகளில், அதே எழுத்தைக் கொண்டு வரிக்கு 240 எழுத்துகளாக 67 வரிகள் கிடைக்கும். ஆயினும் சிறிய திரையில் அவை எறும்பு ஊர்வதுபோல் தோன்றும். ‘செட்ஃபாண்ட்’ என்னும் கட்டளையால் எழுத்தைப் பெரிதாக்கலாம். வரிகள் அதற்கேற்பக் குறையும். கண்ணுக்கு எளிமை, வரிகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் நிறுத்துப் பார்த்து முடிவு செய்வது நம் கடமை.

முன்பு, மேலே மறைந்த வரிகளை விசையொன்றால் கீழே இறக்கிப் படிக்க முடிந்தது. 2020-இல் வெளியான கெர்னலின் 5.9-ஆம் பதிப்பில், அதற்கு உதவிய மென்பொருள் நீக்கப்பட்டது. ஆகவே, பொறி நின்றுபோன வேளையில் திரையில் எஞ்சியிருப்பதே பல வேளைகளில் நமக்குக் கிடைக்கும் சாட்சியம். அச்சாட்சியம் முழுமையாக இருக்கவேண்டுமானால், கோளாறு வரும்வரை காத்திராமல், எல்லாம் ஒழுங்காக இயங்கும் ஒரு நாளிலேயே சர்வரின் அருகே சென்று, திரையைப் பூட்டி, எத்தனை வரிகள் தெரிகின்றன என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.