கோலப் புள்ளியும் கணக்கும்



"கணக்கு இவர்களுக்கு வராது" என்று பிறர் சொன்னதை நாமே திருப்பிச் சொல்லப் பழகிவிட்டோம். அவ்வாறு சொல்லியே எத்தனை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருக்கிறோம்!

நம் தாய்மார்கள் விடியலில் வாசலில் இடும் கோலத்தை எண்ணிப் பாருங்கள். 1, 3, 5, 7, 5, 3, 1 என வரிசையாகப் புள்ளி வைக்கின்றனர். ஏழு வரை ஏறும் புள்ளிகள் 16. அது நான்கின் வர்க்கம். பின் இறங்கும் புள்ளிகள் 9. அது மூன்றின் வர்க்கம். கூட்டினால் 25; ஐந்தின் வர்க்கம். செங்கோண முக்கோணத்தின் 3, 4, 5 என்னும் பக்க அளவுகளும் இவையே. 1974ஆம் ஆண்டில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கணித இலக்கணத்தோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். பள்ளி காணாத தாயின் விரலிலிருந்த அறிவு அறிஞர் அவையில் ஏறிற்று.

ஆதலின், நமது மாலை வகுப்புகளில் வாய்பாட்டுக்கு முன் கோலமாவை வைப்போம். ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் முதலில் வரையட்டும், பின் எண்ணட்டும், அதன்பின் விதியைத் தாமே கண்டு சொல்லட்டும். கற்பிப்போர் அவசரப்பட்டு விடை கூறலாகாது. அஞ்சி நின்ற பிள்ளை விதியைக் கண்டு சொல்லும் நாளில், அந்தப் பழிச்சொல் நம் தெருவை விட்டு நீங்கும்.