இடம் கிடைத்தால் போதாது, இருக்க விடணும்

காலாப்பட்டில் புதிய மாணவர்களை வரவேற்று நடந்த கூட்டத்தில் நம் கட்சியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. நேரில் வர முடியாத தோழர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.



உங்களில் பலபேர் பஸ் ஏறி இங்கே வந்திருப்பீங்க. புதுச்சேரியில் இருந்து கிளம்பி முத்தியால்பேட்டை தாண்டினா கோட்டக்குப்பம். அங்கே தமிழ்நாடு ஆரம்பம். பொம்மையார்பாளையம் தாண்டி பிள்ளைச்சாவடி வந்தா மறுபடியும் புதுச்சேரி. நம்ம ஊருக்கு வரவே எல்லையை ரெண்டு தடவை கடக்கணும். வழியில் யாரும் பஸ்ஸை நிறுத்தி "நீ எந்த ஊர்?" என்று கேட்பதில்லை. ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு அந்தக் கேள்வி வருகிறது. எந்த ஊர்? என்ன ஆளுங்க? எந்த கோட்டாவில் வந்தே? இங்கிலீஷ் வருமா? இன்றைக்கு நான் பேச வந்தது அந்தக் கேள்விகளைப் பற்றித்தான்.

காலாப்பட்டு பெரிய ஊர் இல்லை. கடலோரத்தில் மீனவக் குடும்பங்கள், சாலையோரத்தில் கடைகள், உள்ளே கொஞ்சம் தோப்புகள். ஆனா இந்த ஒரு சுற்றுவட்டாரத்தில் எத்தனை கல்வி நிறுவனங்கள் பாருங்க. 1985ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம் சுமார் 780 ஏக்கரில் இங்கேதான் இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இங்கே. பொறியியல் கல்லூரியாக இருந்து இப்போது பல்கலைக்கழகமாக ஆகியிருக்கிற புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பக்கத்தில் பிள்ளைச்சாவடியில். மருத்துவக் கல்லூரியும் உண்டு. கேரளா, ஆந்திரா, ஒடிசா, பீகார், அசாம் என்று நாட்டின் பல மூலையில் இருந்து பிள்ளைகள் ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்த ஈசிஆர் சாலையில் வந்து இறங்குகிறார்கள்.

இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நுழைவுத் தேர்வு, கலந்தாய்வு, சான்றிதழ், கட்டணம். வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கும். இடஒதுக்கீட்டுக்காக நம் முன்னோர்கள் எத்தனை ஆண்டு போராடினார்கள் என்பதும் தெரியும். ஆனா ஒன்று சொல்றேன். இடஒதுக்கீடு உங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடும். உள்ளே போன பிள்ளை அங்கே நிம்மதியாக இருக்குமா, படிப்பை முடிக்குமா என்பதைக் கூட இருக்கிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். இடம் கிடைத்தால் போதாது. இருக்க விடணும்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. நான் படித்த காலத்தில் என் வகுப்பில் ஒரு மாணவன். அமைதியான பையன். முதல் வாரத்திலேயே யாரோ ஒருத்தன் அவனுக்கு "கோட்டா" என்று பேர் வைத்தான். ஒரு மாதத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். நானும் கூப்பிட்டேன், சிரித்தேன். அடித்ததில்லை, திட்டியதில்லை, அதனால் தப்பு செய்கிறோம் என்றே தோன்றவில்லை. இரண்டாவது செமஸ்டர் முடிந்து விடுமுறைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனுடைய உண்மையான பேர் எனக்கு ஞாபகம் வர ரொம்ப நாளானது. மேடையில் நின்று சமூகநீதி பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன் முகம் வரும். அவன் இடத்தைச் சட்டம் கொடுத்தது. அதைப் பறித்தது நாங்கள்.

விளையாட்டு என்று சொல்லித்தான் எல்லாம் ஆரம்பிக்கும். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் என்ன நடந்தது என்று உங்க அப்பா அம்மாவைக் கேளுங்க. மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் பொன். நாவரசு விடுதியில் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். ஒரு துணைவேந்தர் மகனுக்கே விடுதியில் பாதுகாப்பு இல்லை என்றால் கூலித் தொழிலாளி மகனுக்கு என்ன பாதுகாப்பு என்று அன்றைக்கு நாடே கேட்டது. அடுத்த ஆண்டே, 1997ல், தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆயுள் தண்டனை உறுதியானது 2011ல். சட்டம் ஒரு வருஷத்தில் வந்துவிட்டது. நீதி வர பதினைந்து வருஷம் ஆனது. போன உயிர் வரவே இல்லை.

இன்னொரு பேரையும் மறக்கக் கூடாது. சேலத்தைச் சேர்ந்த முத்துகிருஷ்ணன். ஏழைத் தலித் குடும்பத்துப் பிள்ளை. பலமுறை முயற்சி செய்து டெல்லி ஜேஎன்யுவில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். 2017 மார்ச் மாதம் டெல்லியில் இறந்து கிடந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா. 2019ல் மும்பையில் மருத்துவர் பாயல் தத்வி. ரோஹித்தின் தாயும் பாயலின் தாயும் சேர்ந்து, இனி இன்னொரு தாய்க்கு இது நடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். உயர்கல்வி நிலையங்களில் மாணவர் தற்கொலைகளைத் தடுப்பது பற்றி ஆராய, 2025 மார்ச்சில் இன்னொரு வழக்கில் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை உச்ச நீதிமன்றமே அமைத்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் தலையிட வேண்டிய அளவுக்கு இது வந்திருக்கிறது என்பதை யோசியுங்கள்.

முத்துகிருஷ்ணன் செய்தி வந்தபோது நாம் எல்லோரும் கொதித்தோம். நம்ம பிள்ளையை டெல்லியில் தனியாக விட்டுவிட்டார்களே என்று அழுதோம். சரி. இப்போ நான் நம்ம கட்சிக்காரர்களிடமும் நம்ம ஊர்க்காரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கோபப்படாம கேளுங்க. டெல்லியில் நம்ம பிள்ளை எப்படி இருந்தானோ, அதே மாதிரி ஒரு பீகார் பிள்ளை, ஒரு மணிப்பூர் பிள்ளை இங்கே காலாப்பட்டில் இருக்கிறதே. அந்தப் பிள்ளையை நாம் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? "வடக்கன்" என்று முகநூலில் எழுதி சிரிக்கிறவர்கள் நம் கட்சியிலும் இருக்கிறார்கள். வடகிழக்கு மாநிலப் பெண் பிள்ளையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக் காட்டுகிறவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள்.

புதுச்சேரி மாணவர்களுக்கு எல்லாப் பாடப்பிரிவிலும் 25 சதவீத இடம் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். கேட்டுக்கொண்டே இருப்போம். இந்த மண்ணில் இருக்கிற பல்கலைக்கழகத்தின் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டே வளர்கிற மீனவர் வீட்டுப் பிள்ளை, அதன் உள்ளே போய்ப் படிக்கணும். அது உரிமை. ஆனால் அந்தக் கோரிக்கை டெல்லியை நோக்கி, அரசை நோக்கி, நிர்வாகத்தை நோக்கி. கன்னியாகுமரியில் இருந்தோ கவுகாத்தியில் இருந்தோ வந்த பத்தொன்பது வயசுப் பிள்ளையை நோக்கி அல்ல. அவன் நம்ம இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவனும் நம்மைப் போலத்தான் வரிசையில் நின்று வந்தவன்.

வெளியூர் ஆட்களை ஏற்றுக்கொள்வது நமக்குப் புதிதும் இல்லை. 1908ல் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பி ஒருவர் இந்த ஊருக்கு வந்தார். பத்து வருஷம் இங்கே இருந்தார். அவர் பாரதி. 1910ல் வங்காளத்தில் இருந்து அரவிந்தர் வந்தார். அன்றைக்கு யாராவது அவர்களைத் துரத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நம்ம ஊரில் பிறந்த கனக சுப்புரத்தினம், பாரதியைப் பார்த்துத்தானே பாரதிதாசன் ஆனார்! வெளியூர்க்காரர் ஒருவருக்கு இடம் கொடுத்ததால் நமக்குக் கிடைத்தவர் நம் புரட்சிக் கவிஞர்.

அது மட்டுமா? நம் புதுச்சேரி மாநிலத்துக்குள்ளேயே மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. மலையாளம் பேசுகிற பிள்ளையைப் பார்த்து "உன் ஊருக்குப் போ" என்றால், அவள் மாஹேக்காரியாக இருந்தால் என்ன பதில் சொல்வீங்க? பல்கலைக்கழக நூலகத்துக்கு யார் பேர்? ஆனந்தரங்கப் பிள்ளை பேர். துய்ப்ளேக்கு துபாஷியாக இருந்தவர். இரண்டு மொழிக்காரர்களுக்கு நடுவில் நின்று, ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குப் புரியவைத்தவர். விடுதிகளுக்குக் கம்பர், காளிதாசர், கபீர்தாசர், தாகூர் என்று பேர். பேர்ப்பலகையில் நாலு மொழிக் கவிஞர்களும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தில்தான் மொழிக்கு ஒரு மேசை.

அதே நேரம் நமக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஒரு வாய்க்காலை நடுவில் வைத்து வெள்ளை நகரம், கருப்பு நகரம் என்று பிரித்து வாழ்ந்த ஊர் இது. ஊர்த்தெரு, சேரி என்று பிரித்தது அதற்கும் முந்தையது. ஆகவே நாம் எல்லோரையும் அணைத்துக்கொள்கிறவர்கள் என்று மார்தட்ட வேண்டாம். இரண்டு வழியும் நமக்குத் தெரியும். எந்த வழியில் போகப் போகிறோம் என்பதுதான் கேள்வி.

புதிதாகச் சேர்ந்த மாணவர்களே, உங்களுக்குச் சில விஷயம் தெரிந்திருக்கணும். செல்போனில் குறித்துக்கொள்ளுங்க.

ராகிங் பற்றிப் புகார் செய்ய 1800-180-5522. இருபத்து நாலு மணி நேரமும் இயங்கும். 2009ல் யுஜிசி கொண்டுவந்த விதிமுறைப்படி, உங்களைக் கேலி செய்து அவமானப்படுத்துவதும் ராகிங்தான். அடித்தால்தான் ராகிங் என்று இல்லை.

பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்கணும். தலைவர் பெண்ணாக இருக்கணும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகளும் இருக்கணும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்க. நியாயமான காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் அவகாசம் உண்டு.

சாதிப் பாகுபாட்டுக்கு எதிராக 2012லேயே யுஜிசி விதிமுறை வகுத்தது. சம வாய்ப்பு மையமும், பாகுபாடு பற்றிய புகாரை விசாரிக்கும் அதிகாரியும் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கணும் என்று அது சொல்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ம் ஆண்டுச் சட்டப்படி அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் உண்டு. அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்துவிட்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வகுப்பு வைத்தால், அது இடம் கொடுத்ததாக ஆகாது.

மனசு ரொம்ப பாரமாக இருக்கிறதா? தூக்கம் வரலையா? யாரிடமும் பேசப் பிடிக்கலையா? 14416க்குப் போன் செய்யுங்க. டெலி மானஸ் என்கிற அரசு சேவை. இலவசம், தமிழிலும் பேசலாம். அதற்குப் போன் செய்வது பலவீனம் இல்லை. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பது மாதிரிதான்.

சீனியர் மாணவர்களே, உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். உங்க வகுப்பில், உங்க விடுதியில், தனியாகச் சாப்பிடுகிற பிள்ளை யார் என்று இந்த வாரம் பாருங்க. பக்கத்தில் போய் உட்காருங்க. பேர் கேளுங்க, அதைச் சரியாக உச்சரிக்கக் கத்துக்கோங்க. தமிழ் தெரியாத பிள்ளைக்கு பஸ்ஸில் டிக்கெட் கேட்க நாலு வார்த்தை சொல்லிக்கொடுங்க. இங்கிலீஷ் தடுமாறுகிற அரசுப் பள்ளிப் பிள்ளையோடு உங்க நோட்ஸைப் பகிர்ந்துக்கோங்க. யாராவது "கோட்டா" என்று சொன்னால் சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கலைன்னாலே பாதி நின்றுவிடும். நான் அன்றைக்குச் செய்யாதது அதுதான்.

நிர்வாகங்களுக்கு நாம் வைக்கிற கோரிக்கை இது. குழுக்கள் காகிதத்தில் இருந்தால் போதாது. உறுப்பினர்கள் யார், அவர்கள் போன் நம்பர் என்ன என்பதைத் தமிழிலும் மாணவர்களுக்குப் புரிகிற மற்ற மொழிகளிலும் ஒவ்வொரு விடுதி வாசலிலும் ஒட்டுங்கள். வந்த புகார் எத்தனை, முடித்தது எத்தனை என்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள். புகார் கொடுத்த மாணவர் மேல் நடவடிக்கை எடுக்கிற வழக்கம் எங்கே இருந்தாலும் அதை எதிர்த்து நாங்கள் நிற்போம்.

காலாப்பட்டு ஊர்மக்களே, வீடு வாடகைக்குக் கேட்டு ஒரு மாணவர் வந்தால் சாதியும் மதமும் கேட்காதீங்க. வாடகை ஒழுங்காகத் தருவாயா என்று மட்டும் கேளுங்க. நம்ம பிள்ளையும் நாளைக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ டெல்லியிலோ யாரோ ஒருத்தர் வீட்டு வாசலில் நின்று கேட்கப் போகிறது.

கட்சித் தோழர்களே, நம் பக்கங்களில், நம் வாட்ஸ்அப் குழுக்களில் எந்த மாநிலத்து மாணவரையும் இழிவாகப் பேசும் பதிவு வந்தால், அதை நீக்கச் சொல்லும் முதல் ஆள் நீங்களாக இருக்கணும். எதிர்க்கட்சிக்காரன் செய்தால் கண்டிப்பதும், நம்ம ஆள் செய்தால் சிரிப்பதும் சமூகநீதி அல்ல.

அந்தப் பையனை நான் திரும்ப அழைத்துவர முடியாது. ஆனால் இந்த வருஷம் காலாப்பட்டில் சேர்ந்த ஒரு பிள்ளைகூட, "இங்கே எனக்கு இடமில்லை" என்று நினைத்துப் பெட்டியைக் கட்டக் கூடாது. அது நம் கையில் இருக்கிறது.



#காலாப்பட்டு #மாணவர்உரிமை #சமூகநீதி