இலண்டனில் பாக்கிஸ்தானியர்: கூலிகளாய்ச் சென்றோர் குடிகளான வரலாறு

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் முழு வடிவம்)



இலண்டன் மாநகரில் குடியேறி வாழும் பாக்கிஸ்தானிய மக்களைப் பற்றிப் பேச இன்று நாம் முன்வந்துள்ளோம். நம் வீட்டுக் கவலைகளே மலைபோற் குவிந்து கிடக்கையில், கடல் கடந்து வாழும் பிறமக்களின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் கூலி வேலைக்கென ஒரு நாட்டுக்குள் நுழைந்த மக்கள், அந்நாட்டின் உரிமையுள்ள குடிகளாக மாறுவது எங்ஙனம் என்ற கேள்விக்கு அம்மக்களின் வரலாறு தெளிவான விடை தருகின்றது. அவ்விடை நமக்கும் வேண்டியதொன்றாகும்.

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலண்டனின் சனத்தொகை ஏறத்தாழ 88 இலட்சம். அவர்களுள் தம்மைப் பாக்கிஸ்தானியர் எனப் பதிந்துகொண்டோர் ஏறத்தாழ 2,90,000 பேர். அஃதாவது நூற்றுக்கு மூவர். நகரின் வடகிழக்கே ரெட்பிரிட்ஜ், வால்தம் பொரஸ்ட், நியூஹாம் ஆகிய பிரிவுகளிலும், தெற்கே ரூட்டிங்கிலும், மேற்கே சவுத்தோலிலும் அவர்கள் திரண்டு வாழ்கின்றனர். ஈஸ்ட்ஹாமும் ரூட்டிங்கும் இலங்கைத் தமிழரும் செறிந்து வாழும் இடங்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அங்கே அவர்கள் கடையும் நம்மவர் கடையும் ஒரே வீதியில் அடுத்தடுத்து நிற்கின்றன.

எங்கிருந்து வந்தார்கள்?

பாக்கிஸ்தான் என்ற நாடு தோன்றுமுன்னரே அந்நாட்டுக்குரிய மண்ணிலிருந்து மக்கள் இலண்டன் துறைமுகத்தை அடைந்துவிட்டனர். பிரித்தானிய நீராவிக் கப்பல்களின் அடித்தளத்தில், கொதிக்கும் உலைகளுக்குக் கரி தள்ளியவர்களுள் சில்ஹெட், மீர்ப்பூர்ப் பகுதிகளைச் சேர்ந்தோர் பலர். அவர்களிற் சிலர் கப்பலைவிட்டு இறங்கிக் கிழக்கு இலண்டனில் தங்கினர். பின்னால் வந்த உறவினருக்கு அவர்களே வழிகாட்டிகளாயினர்.

1947இல் நாடு பிரிந்தது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் வேரோடு பெயர்ந்தன. இந்தியாவிலிருந்து கராச்சிக்கும் லாகூருக்கும் ஓடிவந்த குடும்பங்கள் பல, ஒருமுறை பெயர்ந்த பின் மறுமுறை பெயர அஞ்சவில்லை. அவற்றுட் சில இலண்டன் வரை சென்றன.

கமக்காரப் பெருமக்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது மீர்ப்பூரின் கதை. பாக்கிஸ்தானின் ஆட்சிக்குட்பட்ட காசுமீரப் பகுதியிலுள்ள மீர்ப்பூர், மழையை நம்பிய மேட்டுநிலம். தலைமுறைதோறும் பங்கு பிரிந்து சுருங்கிய துண்டுக் காணி. அம்மண்ணில் 1960களில் மங்களா அணை எழுந்தது. 1967இல் வேலை நிறைவெய்தியபோது பழைய மீர்ப்பூர் நகரமும் நூற்றுக்கணக்கான கிராமங்களும் நீருள் மூழ்கின. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அணையின் நீர் பஞ்சாபின் வயல்களை வளப்படுத்தியது. நிலத்தை இழந்த உழவனோ அன்னிய நாட்டு ஆலைக்குச் சென்றான். அவர்களிற் பெரும்பாலோர் பேமிங்ஹாமுக்கும் பிராட்போட்டுக்கும் போயினர். ஒரு பகுதியினர் இலண்டனை அடைந்தனர். இன்றும் நீர்மட்டம் தாழும் காலத்தில் பழைய நகரின் கட்டடங்கள் வெளித்தோன்றுகின்றன. மூதாதையரின் சமாதிகளைக் காண மக்கள் அங்கே செல்கின்றனர். காணியை இழந்தவன் வேதனையை விளக்க இதனினும் வேறு சான்று வேண்டுமா?

சட்டம் திறந்த கதவு

இனி அரசியலுக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுப் பிரித்தானிய தேசியவினச் சட்டம், பொதுநலவாய நாடுகளின் பிரசைகள் எல்லோரையும் பிரித்தானியப் பிரசைகளென்றே கொண்டது. அதனால் பாக்கிஸ்தானிலிருந்து சென்ற ஓர் ஏழைத் தொழிலாளி, இலண்டனில் கால் வைத்து வசிக்கத் தொடங்கியதுமே மூன்று உரிமைகளுக்கு உரித்தாளியானான். அங்கே குடியிருக்கலாம், வேலை செய்யலாம், தேர்தலில் வாக்களிக்கலாம். இலங்கையிலிருந்து சென்றோரும் அச்சட்டத்தின் பயனைப் பெற்றனர்.

யுத்தத்தினால் நலிந்த அந்நாட்டுக்கு உழைக்கும் கைகள் தேவைப்பட்டன. ஆதலினாற் கதவு திறந்திருந்தது. வெள்ளையர் விரும்பாத இரவு வேலை, வார்ப்பாலை வேலை, பஸ் வேலை இவற்றைச் செய்ய ஆள் வேண்டியிருந்தது. ஆனால் தேவை தணியுமுன்னரே வெறுப்பு எழுந்தது. வேற்று நிறத்தோர் வருகையைத் தடுக்க வேண்டுமென்ற கூக்குரலுக்குக் கொன்சர்வேட்டிவ் அரசாங்கம் செவிசாய்த்து, 1962இல் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டத்தை நிறைவேற்றியது.

இங்கே ஒரு விந்தையைக் காணுங்கள். 1960இல் பாக்கிஸ்தானிலிருந்து சென்று தங்கியோர் ஏறத்தாழ 2,500 பேரே. சட்டம் வரப்போகின்றது என்ற செய்தி பரவிய 1961இல் அத்தொகை ஏறத்தாழ 25,000 ஆயிற்று. சட்டம் நடைமுறைக்கு வருமுன், 1962இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் மேலும் 25,000 பேர் சென்றனர். முன்னே வந்தவன் சில ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்புவான். அவன் இடத்துக்குத் தம்பி வருவான். அதுவே வழக்கம். கதவு மூடப்பட்டதும், வெளியே போனால் மீண்டும் நுழைய முடியாதென்ற அச்சம் பிறந்தது. திரும்ப எண்ணியிருந்தவன் தங்கினான். மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டான். குடியேற்றத்தைத் தடுக்க வந்த சட்டமே குடியேற்றத்தை நிலைபெறச் செய்தது!

மற்றொன்றையும் மறத்தலாகாது. அச்சட்டத்தைப் பாராளுமன்றத்தில் மிகக் கடுமையாக எதிர்த்தவர் தொழிற்கட்சித் தலைவர் கெயிற்ஸ்கல். அவர் மறைந்த பின், 1964இல் அதே தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. சட்டத்தை நீக்கியதா? இல்லை. 1965இல் வேலை அனுமதிச் சீட்டுகளை ஆண்டொன்றுக்கு 8,500 ஆகக் குறைத்து மேலும் இறுக்கியது. எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து பேசுவது ஒன்று. ஆட்சிக் கதிரையில் அமர்ந்து செய்வது வேறொன்று. இது நாம் அறியாத செய்தியா?

அடியும் எழுச்சியும்

அந்நாளில் அவர்கள் வாழ்ந்த வாழ்வை என்னென்பது! ஒரே அறையிற் பலர். பகல் வேலைக்காரன் எழுந்த படுக்கையில் இரவு வேலைக்காரன் படுப்பான். மிச்சம் பிடித்த பவுண் ஊருக்குப் போய்ச் சகோதரியின் கலியாணமாகவும் கல்வீடாகவும் மாறும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலை. நாளை ஊர் திரும்புவோம் என்று எண்ணியிருந்தவர்கள் இன்றைய அநீதியைப் பொறுத்துக்கொண்டனர்.

அப்பொறுமைக்குக் கிடைத்த பரிசு அடி. 1970அளவில், பாக்கிஸ்தானியரைத் தேடித் தாக்குவதைக் காடையர் கூட்டங்கள் ஒரு விளையாட்டாகவே கொண்டன. அக்காலத்தில் கிழக்கு இலண்டனில் அடிபட்டோருட் பலர் கிழக்குப் பாக்கிஸ்தானின் சில்ஹெட் மக்கள். 1971இன் பின் அவர்கள் பங்களாதேசத்தவர் ஆயினர். நாட்டின் பெயர் மாறியது. அடித்தவனுக்கோ அந்த வேறுபாடு தெரியாது. 1980 ஜூலையில் ஈஸ்ட்ஹாமில் ஒரு பாக்கிஸ்தானிய இளைஞர் நடுவீதியில் கொலையுண்டார். 1981 ஜூலையில் வால்தம்ஸ்ரோவில் ஒரு பாக்கிஸ்தானியக் குடும்பத்தின் வீட்டுக்கு இரவில் தீ வைக்கப்பட்டது. தாயும் மூன்று பிள்ளைகளும் மாண்டனர்.

தந்தையர் தலைகுனிந்து நடந்த வீதிகளில் மைந்தர் ஊர்வலம் போயினர். இலண்டனிலே பிறந்து வளர்ந்த அவ்விளைஞருக்குத் திரும்பிச் செல்ல வேறு ஊர் இல்லை. இங்கேயே இருப்போம், இங்கேயே போராடுவோம் என்று அவர்கள் எழுந்தனர்.

வாக்கு என்னும் வேர்

ஊர்வலம் ஒருநாள் முடியும். வாக்காளர் இடாப்பில் பதிந்த பெயர் நிலைக்கும். இந்த உண்மையை அம்மக்கள் ஒரு நெருக்கடியின்போது உணர்ந்தனர். பங்களாதேசத்தைப் பிரித்தானியா அங்கீகரிக்கப் போவதைக் கண்டித்துப் பாக்கிஸ்தான் 1972 ஜனவரியில் பொதுநலவாயத்திலிருந்து விலகியது. இஸ்லாமாபாத்தில் எடுத்த அம்முடிவு இலண்டன் தொழிலாளியின் உரிமையைத் தாக்கியது. பிரித்தானியாவின் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாக்கிஸ்தானியர் பொதுநலவாயப் பிரசைகள் என்னும் நிலையை இழந்தனர். அந்நிலையோடு வாக்குரிமையும் பிணைந்திருந்தது. ஏற்கெனவே அங்கு வசித்தோர் பெயரைப் பதிந்து பிரித்தானியப் பிரசைகளாகச் சில காலம் தவணை வழங்கப்பட்டது. பாக்கிஸ்தானும் இரட்டைக் குடியுரிமைக்கு இடமளித்தது. ஊர் திரும்பும் எண்ணத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பெருந்தொகையானோர் பதிந்துகொண்டனர். பாக்கிஸ்தான் மீண்டும் பொதுநலவாயத்திற் சேர்ந்தது 1989இல். அதுவரை வாளாவிருந்தவன் பதினாறு ஆண்டுகள் வாக்கின்றி நின்றிருப்பான்!

வாக்குள்ளவனைத் தேடி நகரசபை வேட்பாளர் வந்தார். வீட்டு வசதி, பள்ளிக்கூடம், பள்ளிவாசலுக்கான அனுமதி ஆகியவற்றை வாக்காளர் கேட்டனர். கேட்டுச் சலித்தபோது தாமே வேட்பாளராயினர். நகரசபை வழியே பாராளுமன்றம் சென்றனர்.

1970இல் ரூட்டிங்கில் பிறந்த சாதிக் கான், கராச்சியிலிருந்து சென்ற பெற்றோரின் எட்டுப் பிள்ளைகளுள் ஒருவர். தந்தை பஸ் சாரதி. தாய் தையல் வேலை செய்தவர். நகரசபை வீட்டில் வளர்ந்து, சட்டத்தரணியாகி, 2005இல் ரூட்டிங் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். 2016இல் இலண்டன் மேயர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அவரைத் தீவிரவாதிகளோடு தொடர்புபடுத்த எதிர்த்தரப்புப் பிரசாரம் முயன்றது. வாக்காளரோ ஏறத்தாழ 57 வீத வாக்குகளால் அவரைத் தெரிந்தனர். 2021இலும் 2024இலும் மீண்டும் வென்றார்.

நண்பர்களே, இங்கேதான் சிந்திக்க வேண்டும். நூற்றுக்கு மூவராக உள்ள மக்கள் தம் வாக்கினால் மட்டும் ஒரு மேயரைத் தெரிய முடியுமா? முடியாது. தம் வாக்கைக் கட்டிக் காத்ததோடு, அயலவனின் வாக்கையும் நம்பிக்கையையும் ஈட்டினர். தொழிற்சங்கத்திலும் நகரசபையிலும் பிற இனத்தாரோடு தோளொன்றி நின்றனர். சிறுபான்மைக்குத் தன் வாக்கு வேர் எனில், அயலவனின் நட்பு நீர். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மரம் பட்டுப்போகும்.

குறைகளையும் கூறுவோம்

ஒரு மேயரைக் கண்டு, எல்லாம் சித்தியாயிற்று என மயங்குதல் பேதைமை. பிரித்தானியாவிற் பாக்கிஸ்தானியக் குடும்பங்களுள் ஏறத்தாழப் பாதி, வீட்டுச் செலவு போக எஞ்சும் வருவாயைக் கணக்கிட்டால், வறுமைக் கோட்டின் கீழே உள்ளன. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்போர் பலர். அத்தொழிலில் ஊபர் கம்பெனியின் சாரதிகள் தொழிலாளருக்குரிய ஆகக்குறைந்த சம்பளத்துக்கும் லீவுக்கும் உரித்துடையோர் என்று அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021இல்தான். 2005 ஜூலை 7ஆம் நாள் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 52 பேர் மாண்டபோது, குண்டுதாரிகளில் மூவர் இங்கிலாந்தின் வடபகுதியில் வாழ்ந்த பாக்கிஸ்தானிய வழியினர் என்ற காரணத்தால், குற்றமற்ற பல்லாயிரவர் மீது சந்தேகப் பார்வை விழுந்தது.

உள்ளேயும் குறைகள் உண்டு. பிராதரி எனப்படும் குலக் கட்டுப்பாடு, வந்த நாளில் வீடும் வேலையும் தேடித்தந்த துணை. அதே கட்டுப்பாடு தேர்தற் காலத்தில், பெரியவர் சொன்ன இடத்தில் எல்லோரும் புள்ளடி இடும் வழக்கமாக மாறியதைப் பெண்களும் இளைஞரும் கண்டித்துள்ளனர். வாக்கு ஒருவனுக்குரியது, குலத் தலைவனின் கைப்பொருள் அன்று. சாதியின் பெயராலும் ஊரின் பெயராலும் வாக்குக் கேட்போர் நம்மிடையேயும் இல்லாமற் போகவில்லை.

நமக்குரிய பாடம்

1948ஆம் ஆண்டைப் பற்றி முன்னர் கூறினோம். பிரித்தானியா தன் சட்டத்தினால் புதிதாய் வந்த தொழிலாளிக்கும் வாக்களித்த அதே ஆண்டில், இலங்கைப் பாராளுமன்றம் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக்கு உரமாகிய மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949இல் வாக்கும் பறிபோயிற்று. 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றம் அனுப்பிய மக்கள் அவர்கள்! எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வந்ததோ 2003இல். இலண்டனில் பஸ் சாரதியின் மகன் மேயராவதற்கும், மலையகத்தில் கொழுந்து பறித்தவளின் மகன் அரை நூற்றாண்டு நாடற்றிருந்ததற்கும் காரணம் உழைப்பில் ஏற்றத்தாழ்வா? அன்று. ஒருவனிடம் வாக்கு இருந்தது. மற்றவனிடம் அது பறிக்கப்பட்டது.

முற்காலத்தில் இலண்டன் பாக்கிஸ்தானியரிற் பலர் தம்மவரின் ஜனாஸாவை விமானமேற்றிப் பிறந்த ஊருக்கே அனுப்பி அடக்கம் செய்தனர். 2002இல் ரெட்பிரிட்ஜின் ஹெயினோல்டில் முஸ்லிம்களுக்கெனப் பெரியதொரு மையவாடி திறக்கப்பட்டது. இன்று பேரப்பிள்ளைகள் வந்து பிரார்த்திக்கக்கூடிய அம்மண்ணிலேயே முதியோர் பலர் துயில்கின்றனர். வாக்கினால் வேரூன்றிய மக்கள், அந்த மண்ணையே தம் மண்ணாக்கிக்கொண்டனர்.

ஆதலின் பெரியோர்களே, வீடு சென்றதும் ஒரு காரியம் செய்யுங்கள். பதினெட்டு வயது நிறைந்த மகனின் பெயரும் மகளின் பெயரும் வாக்காளர் இடாப்பில் உண்டா என்று பாருங்கள். இல்லையாயின், நாளைக் காலையிலேயே கிராம உத்தியோகத்தரிடம் செல்லுங்கள். அயல்வீட்டுக்காரரின் பெயர் விடுபட்டிருப்பின் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். உரிமையைப் பறிகொடுத்தபின் அழுவதினும், உள்ள உரிமையை உறங்காது காப்பதே அறிவுடைமை.